இரண்டு மணி ரிலீவர்

1

கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையில், இரண்டாம் நம்பர் உலைக்குப் பக்கத்தில் முப்பத்தொரு வருடம் நின்றவன் நான். சாமி மீது சத்தியம் செய்தால் சாமி மன்னித்துவிடும். அதனால் அந்த உலையின் மீது சத்தியம் செய்கிறேன். அது யாரையும் மன்னித்ததில்லை. இனி வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. எங்காவது கொஞ்சம் மிகையாகத் தெரிந்தால் அது நடந்தவற்றின் குற்றம். என்மேல் தப்பில்லை.

இந்தக் கதை வந்த வழியையும் மறைக்கப்போவதில்லை. மூன்று வாரங்களுக்கு முன் என் மனைவி மணியம்மாள் பரணைச் சுத்தம் செய்தாள். அப்போது ஒரு லாக் புக் கிடைத்தது. ஷிப்டுக்கு ஷிப்ட் உலையில் நடந்ததை எழுதிவைக்கும் நீளமான நோட்டு. நான் ஓய்வு பெற்ற அன்று என் பை அதைத் தானாகவே உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு வரிகூட எழுதாத நோட்டு. தூசி தட்டி என் மடியில் போட்டாள்.

"சும்மா செவுத்த மொறச்சிக்கினு கீறியே, இதுல எதனா எழுதுய்யா."

"இன்னா எழுத?"

"பொய்தான். அதானே உனுக்கு நல்லா வரும்."

நோட்டில் நான்கு பத்திகள்: நேரம், ஹீட் நம்பர் (எத்தனையாவது உருக்கல் என்ற கணக்கு), வெப்பம், ரிமார்க்ஸ். கதை எழுத இதைவிட வசதியான நோட்டு கிடையாது. சந்தேகம் வருகிறபோதெல்லாம் ரிமார்க்ஸில் எழுதிவிடுவேன். நீங்கள் அதைப் படிக்காமல் தாண்டிப் போகலாம். எங்கள் சூப்பர்வைசர்கள் முப்பத்தொரு வருடமும் அப்படித்தான் தாண்டிப் போனார்கள்.

கதை என் நண்பன் தானியேலைப் பற்றியது. எழுந்து நடக்க முடிந்தும் நாற்காலியை விட்டு எழாத மனிதன். அவன் எழுந்தானா இல்லையா, அவ்வளவுதான் கதை. கொலை, காதல் எதிர்பார்த்து ஏறியவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். வண்டி இன்னும் மெதுவாகத்தான் போகிறது.

2

எப்படித் தொடங்குவது என்று நான்கு நாள் யோசித்தேன்.

"ஒரு காலத்தில் இரும்பைத் தண்ணீராக ஓடவிட்ட அந்த மனிதன் இன்று"

[அடித்துவிட்டேன். 'ஒரு காலத்தில்' என்று தொடங்குகிறவன் உங்களை அழவைக்கத் திட்டம் போட்டிருக்கிறான் என்று பொருள்.]

"தானியேலின் இடுப்பெலும்பு முறிந்த அன்று சிப்காட் முழுக்க அடைமழை"

[தை மாதம். மழை ஏது? சத்தியம் செய்திருக்கிறேன்.]

"நான் விழுந்தபோது"

[பேனா வழுக்கிவிட்டது. விழுந்தவன் தானியேல்.]

சரி, நேராகவே சொல்கிறேன். தானியேலும் நானும் ஒரே உலையில் வேலை பார்த்தோம். ஆயிரத்து அறுநூறு டிகிரியில் கொதிக்கும் இரும்புக்கு நான்கு முழம் தள்ளி அத்தனை வருடம் நின்றும் தானியேல்மீது ஒரு தழும்பு கிடையாது. ஒருமுறை ஒரு தீப்பொறி அவன் ஹெல்மெட்டுக்குள் புகுந்தது. உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, எரிக்க எதுவும் இல்லையென்று வெளியே வந்துவிட்டது. ஷிப்ட் மாறும் நேரத்தில் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அப்பேர்ப்பட்டவன் ஓய்வு பெற்று இரண்டாவது வருடம், பொங்கலுக்கு மறுநாள், தன் வீட்டுக் குளியலறை வாசலில் கிடந்த ஈரச் சாக்கில் கால் வைத்து விழுந்தான்.

ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவன் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, "இது எங்க உலையில உருக்கின கம்பியா?"

"இல்லீங்க. இது ஒசந்த தரம்" என்றார் டாக்டர்.

அவன் முகம் முதன்முதலாக வாடியது அப்போதுதான்.

சித்திரையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாகச் சேர்ந்திருந்தது. இனி நடக்கலாம் என்று சொல்லி நான்கு கால் வாக்கர் ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். தானியேல் அதை நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தி அதன்மேல் துண்டு காயப்போட்டான். ஐப்பசி பிறந்தபோதும் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

3

இந்தப் பகுதியில் கதை கொஞ்சம் நிற்கும். உலையைப் பற்றவைத்தால் இரும்பு உருக நேரம் பிடிப்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மனிதனின் ஊர் எப்படிச் சுருங்குகிறது என்று நான் கணக்கெடுத்தேன். நாற்காலியில் இருந்து ஃபேன் சுவிட்சுக்கு நான்கு அடி. குளியலறைக்குப் பதினொன்று. வாசல் கேட்டுக்குப் பத்தொன்பது. டீக்கடைக்கு நானூற்றுப் பத்து. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். தானியேலுக்கு முதலில் ஸ்டேஷன் கழன்றது. அடுத்து டீக்கடை. அதற்கடுத்து ஞாயிற்றுக்கிழமை ஜெபம். வைகாசியில் கேட் போயிற்று. ஆனியில் குளியலறைக்குப் போகவே மேரியின் தோள் வேண்டியிருந்தது. மேரி அவன் மனைவி.

இதுவரை எனக்குப் புரிகிறது. கால் நின்றுவிட்டால் டீக்கடை போய்விடும், சரி. ஆனால் டீக்கடையோடு சேர்ந்து பேப்பர் படிப்பதும் போயிற்று. பேப்பர் வீட்டுக்குத்தான் வருகிறது. போனை எடுப்பது போயிற்று. அது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பிறகு முகம் மழிப்பது. ஷேவிங்குக்குக் கால் எதற்கு? இடுப்பில் தொடங்கியது முகத்துக்கு எந்த வழியாக ஏறிற்று?

ஆடி மாதம் பொன்னேரியில் வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, சாப்பாடு, தூக்கம், சிரிப்பு பற்றியெல்லாம் விசாரித்தார். நடக்காததால் மனது இறங்குகிறது, மனது இறங்கியதால் நடப்பதில்லை, இது வட்டமாகச் சுற்றுகிறது என்றார். வயதானவர்களுக்கு இது சகஜம், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று மாத்திரை எழுதினார். எது முதலில் வந்தது என்று ஆராய வேண்டாம், வட்டத்தை எங்காவது ஓர் இடத்தில் வெட்டினால் போதும் என்றார். கடைசியில் ஒன்று சொன்னார். அதை மேரி கேட்டருகே நின்று என்னிடம் சொன்னாள்.

"இன்னும் மூணு மாசம் இப்டியே ஒக்காந்துனு இருந்தா சதையெல்லாம் கரைஞ்சி பூடுமாம்ணே. அப்பால அவரே ஆசப்பட்டாலும் காலு கேக்காதாம்."

"சாப்புடுறானா?"

"சோறு வெக்கட்டான்னா 'வை'ங்குறாரு. வேணாமான்னாலும் 'வை'ங்குறாரு. வெச்சா அப்டியே கீது."

ரிமார்க்ஸ்: மணியம்மாள் இந்தப் பக்கத்தைப் படித்தாள். "இந்த 'வை' கதைய மேரியா வந்து உன்னாண்ட சொல்லிச்சி?" என்று கேட்டாள். எழுதுகிறவனிடம் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது என்றேன். இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன்: மேரியை எப்படி எழுதினாலும் அவள் மணியம்மாள் குரலில்தான் பேசுகிறாள். எனக்குத் தெரிந்த மனைவி ஒருத்திதான். வேறு குரலுக்கு எங்கே போவேன்?

4

ரிலீவர் என்றால் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியாது.

உலை நிற்காது. ஆகவே உலைக்காரன் கிளம்ப முடியாது. காலை ஆறு மணிக்கு வந்தவன், இரண்டு மணிக்கு அடுத்த ஆள் வந்து எதிரே நின்ற பிறகுதான் நகரலாம். அந்த அடுத்த ஆள்தான் ரிலீவர். அவன் வராவிட்டால் மனைவிக்குப் பிரசவம் என்றாலும் நிற்க வேண்டியதுதான். வந்துவிட்டால் ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக நிற்கக் கூடாது. நின்றால், "இன்னா, எம்மேல நம்பிக்க இல்லியா?" என்று சண்டைக்கு வருவான். உலைக்குள் பார்க்க ஒரு நீலக் கண்ணாடி உண்டு. போகிறவன் அதை வருகிறவன் கையில் கொடுப்பான். கொடுத்துவிட்டால் உலை அவனுடையதல்ல.

வாராவாரம் ஷிப்ட் மாறும். ஆனால் உனக்குப் பின்னால் வருகிறவன் மாறமாட்டான். தானியேலுக்குப் பின்னால் முப்பத்தொரு வருடமும் வந்தவன் நான். ஒருநாளும் சேர்ந்து வேலை பார்த்ததில்லை. தினமும் ஐந்து நிமிடம் பேசுவோம், அவ்வளவுதான் பழக்கம்.

"ஆயிரத்து அறுநூறுல கீது. ஸ்கிராப் ஈரமா வந்துக்குது, பாத்துப் போடு. எனுக்குப் பொண்ணு பொறந்துக்குது."

"பேரு?"

"பிரின்சி. மூணாம் நம்பர் கிரேன் பிரேக் புடிக்கல."

இப்படித்தான் அவனுக்குப் பெண் பிறந்தது. இப்படித்தான் என் அப்பா இறந்தார்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு ஐந்து நிமிடத்தைத் தாண்டி என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. புத்தி சொன்னேன். திட்டினேன். பிரியாணி வாங்கிப்போனேன். பிரியாணியை நானே தின்று திரும்பினேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், "எழுந்திரிய்யா" என்று கத்தினேன்.

"எழுந்து?" என்று கேட்டான்.

 அவனே சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ரிலீவர் வரல பச்ச. வந்தா போறேன்."

பச்ச என்பது நான்தான். முழுப்பெயர் பச்சையப்பன்.

[இதைச் சொன்னபோது தானியேல் சிரித்தானா? கதைக்குச் சிரித்திருந்தால் வசதி. இரண்டு தடவை 'சிரித்தான்' என்று எழுதி அடித்தேன். சிரிக்கவில்லை.]

5

மறுநாள் மதியம் பழைய காக்கிச் சட்டையை எடுத்து மாட்டினேன். வயிற்றருகே இரண்டு பட்டன் ஒத்துழைக்கவில்லை. கையில் டிபன் பாக்ஸ். சட்டைப்பையில் நீலக் கண்ணாடி. (அதுவும் ஓய்வு பெற்ற அன்று பையில் தானாக ஏறியதுதான். என் பை அப்படிப்பட்ட பை.) இரண்டு தெரு தள்ளியிருந்த தானியேல் வீட்டுக்குப் போய் அவன் நாற்காலிக்கு எதிரே நின்றேன்.

"பி ஷிப்ட். ஹேண்டோவர் குடு."

தானியேல் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தான். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"அஞ்சு நிமிசம் லேட்டு."

"டிரெயினு லேட்டு."

"இன்னா டிரெயினு? உன் ஊடு ரெண்டு தெரு தள்ளி கீது."

"அந்த டிரெயினுதான்."

அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. மேரி காது கொடுக்கிறாள் என்று தெரிந்தது. நான் அசையாமல் நின்றேன். முப்பத்தொரு வருடத்தில் தானியேல் தன் ரிலீவரை ஒருநாள்கூட நிற்கவைத்ததில்லை. அது அவன் எலும்பில் இருந்தது. கம்பி வைத்த எலும்பிலும் இருந்திருக்க வேண்டும். மெதுவாக வாக்கர் மேலிருந்த துண்டை எடுத்தான். நான்காய் மடித்தான். கைப்பிடியைப் பற்றினான். முதல் முயற்சியில் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தான். இரண்டாவது முயற்சியில் எழுந்து நின்றான்.

"ஃபேன் மூணுல ஓடுது" என்றான். "மேரி உள்ள கீது. சன்னலாண்ட காக்கா ரெண்டு வாட்டி வந்துச்சி. வேற கம்ப்ளெயின்ட் இல்ல."

நீலக் கண்ணாடியை அவனிடம் கொடுத்தேன். அவன் அதை வாங்கி முறைப்படி என்னிடம் திருப்பிக் கொடுத்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பத்தொன்பது அடி நடந்து கேட்டருகே போனவன் அங்கே நின்றுவிட்டான்.

"பச்ச."

"இன்னா?"

"ஷிப்ட் முடிஞ்சா ஊட்டுக்குப் போவணும். நான் ஊட்டுலதானே கீறேன். எங்க போறது?"

இதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. உலைக்காரர்கள் செய்கிற தப்பு இதுதான்: ஷிப்ட் முடியும் நேரம் வரை யோசிப்போம், அதற்கப்புறம் யோசித்ததில்லை. எழுந்து போய் அவனுக்கு வழிகாட்டலாம் என்றால் ரிலீவர் இடத்தை விட்டு நகரக் கூடாது.

"அத நான் சொல்லக் கூடாது" என்று உட்கார்ந்த இடத்தில் இருந்தே கத்தினேன். "நான் டூட்டில கீறேன்."

 பிறகு சுவரை ஒட்டியே திரும்பி, துணி துவைக்கும் கல்லைத் தாண்டி, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்கதவு வழியாக உள்ளே வந்தான். நாற்பத்தெட்டு அடி. பதினெட்டு நிமிடம்.

மேரி பெரிய கைகாரி. ஒன்றும் நடக்காததுபோல், "வாங்க, ஷிப்ட் முடிஞ்சிதா? கை கால் கழுவினு வாங்க, சோறு போடுறேன்" என்றாள்.

சாப்பிட்டான். ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ரிமார்க்ஸ்: ரசம் என்று எழுதியதும் மணியம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

6

அதற்கப்புறம் நடந்ததை நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பாதவர்களுக்காகத்தான் முதலிலேயே சத்தியம் செய்தேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழி நாளுக்கு நாள் நீண்டது. நான்காம் நாள் தெருக்குழாய் வழியாக வீட்டுக்கு வந்தான். ஏழாம் நாள் டீக்கடை வழியாக. அங்கே அவன் பெயரில் ஆறு மாதமாக ஒரு டீ ஆறிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. பன்னிரண்டாம் நாள் நெடுஞ்சாலையைக் கடந்தான். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நாற்பத்தொன்று அவன் வாக்கருக்காக வரிசையில் நின்றன. நாற்பத்திரண்டாவது லாரி டிரைவர் இறங்கி ஓடி வந்தான்.

"பெர்சு, கப்பலு பூடும்!"

"போவட்டும்பா. வேற வரும்" என்றான் தானியேல்.

ரிமார்க்ஸ்: லாரிகளை நான் எண்ணவில்லை. சத்தியம் நினைவில் இருப்பதால் நாற்பது என்று திருத்திக்கொள்கிறேன்.

பதினேழாம் நாள் ஸ்டேஷன் வழியாக வீட்டுக்கு வர நினைத்தவன், கால் ஓய்வெடுக்க நின்ற ரயிலில் உட்கார்ந்திருக்கிறான். ரயில் அதைத் தவறாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. சாயங்காலம் சூலூர்ப்பேட்டையில் இருந்து போன் வந்தது.

"பச்ச, ஊட்டுக்கு வர வழியில ஆந்திரா வந்துடுச்சி."

"அங்க இன்னா பண்ற?"

"ஒருத்தரு நைனா நைனான்னு கூப்ட்டு நாஷ்டா வாங்கிக் குடுத்துக்கினு கீறாரு. மேரியாண்ட சொல்லு, பேஜாராவ வேணான்னு. ஷிப்ட் முடிஞ்சி நேரா ஊட்டுக்குத்தான் வந்துக்கினு கீறேன்."

அன்று அவன் ஷேவ் செய்திருந்தான் என்று நம்பத்தகுந்த வட்டாரங்கள் சொல்கின்றன.

7

இப்போது உங்களில் கூர்மையான ஒருவர் கேட்பார்: அவன் இவ்வளவு தூரம் நடந்தபோது நீ எங்கே இருந்தாய்?

நாற்காலியில். ரிலீவர் வேறு எங்கே இருப்பான்?

அந்த நாற்காலியை விவரிக்கிறேன். பச்சை பிளாஸ்டிக். வலது கைப்பிடியில் கட்டைவிரல் படும் இடம் மட்டும் வழவழப்பாக இருக்கும். மூன்று மணிக்கு வெயில் சன்னலில் இறங்கி இரண்டாவது டைல்ஸைத் தொடும். மூன்று இருபதுக்கு ஏதோ ஓர் ஆலையின் சங்கு ஊதும். எத்தனையோ வருடம் அதை வெறும் சங்காகக் கேட்ட காதுக்கு, நாற்காலியில் இருந்து கேட்டால் வேறு யாரையோ கூப்பிடுவதுபோல் இருக்கும். கேட் கொண்டி சத்தம் கேட்டால் போச்சு. யாராவது உள்ளே வந்து 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டுவிடுவார்கள். அதற்கு ஒரு முகம் தயார் செய்ய வேண்டும். குழம்பு கொதிக்கிற வாசனை வரும். முன்பெல்லாம் வாசனையோடு பசியும் வரும். இப்போது வாசனை மட்டும் வந்துவிட்டுப் போகும்.

வலிதான் எழவிடாமல் வைத்திருக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வலி இருக்கிறதுதான். ஆனால் ஆயிரத்து அறுநூறு டிகிரியைப் பார்த்தவனுக்கு அந்த வலி ஒரு வலியா? எழுந்து நின்றதும் கால் கேட்கும், 'சரி, எங்கே?' என்று. சொல்ல ஒன்றும் இருக்காது. அதைக் கேட்கவிடாமல் இருக்க ஒரே வழி எழாமல் இருப்பது. இப்படியே ஒரு நாள் இருக்கலாம். ஒரு நாள் இருக்க முடிந்தால் ஒன்பது மாதமும் இருக்க முடியும். நடுவில் மனைவியின் தோள் இளைத்துவிட்டது என்று கண்ணுக்குத் தெரியும். தெரிந்தும்

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.]

தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். இந்த இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டு நானும் அதையே கேட்டுக்கொண்டேன். கதாசிரியனுக்கு எல்லாம் தெரியும் என்பதுதான் பதில். நல்ல பதிலாக இல்லை என்று எனக்கும் தெரிகிறது.

8

முடிவுகள் மூன்று தயார் செய்து வைத்திருக்கிறேன்.

முதலாவது: தானியேல் வாக்கரை வீசிவிட்டு மேரியைக் கூட்டிக்கொண்டு பொன்னேரி சந்தைக்குப் போகிறான். இருவரும் கத்தரிக்காய் பொறுக்குகிறார்கள். வெளுத்த கத்தரிக்காயை எடுத்துவிட்டான் என்று மேரி அவனை எல்லோர் எதிரிலும் திட்டுகிறாள். அவன் சிரிக்கிறான்.

[மணியம்மாளுக்குப் பிடித்த முடிவு. இரண்டு தடவை வாசித்துக் காட்டச் சொன்னாள். "கத்திரிக்காய் எடத்துல மட்டும் இன்னும் கொஞ்சம் திட்டு சேத்துக்கோ" என்றாள்.]

இரண்டாவது: டாக்டர் சொன்ன மூன்று மாதம் முடிந்துவிடுகிறது. அதற்கடுத்த நாள் ரிலீவர் வருகிறான். உட்கார்ந்திருப்பவனுக்கு அன்றைக்குத்தான் எழ வேண்டும் என்று ஆசை வருகிறது. கைப்பிடியைப் பற்றுகிறான். கால்

[இதற்குமேல் எழுத முடியவில்லை. கை நன்றாகத்தான் இருக்கிறது. எழுதவில்லை.]

மூன்றாவது: ரிலீவர் தினமும் இரண்டு மணிக்கு வருகிறான். காக்கிச் சட்டை, டிபன் பாக்ஸ், நீலக் கண்ணாடி. எதிரே நின்று ஹேண்டோவர் கேட்கிறான். உட்கார்ந்திருப்பவன் கடிகாரத்தைப் பார்க்கிறான், சுவரைப் பார்க்கிறான், எழுவதில்லை. ரிலீவருக்கும் அறுபத்தொரு வயது. அவன் முட்டியும் நல்ல முட்டியல்ல. ஆனாலும் உட்கார வேறு நாற்காலி கேட்பதில்லை. மூன்று மணி வரை நின்றுவிட்டு, "சரி, நாளிக்கு வரேன்" என்று போகிறான். இப்படிப் பத்தொன்பது நாள். பத்தொன்பதாம் நாள் வாசலில் திரும்பிச் சொல்கிறான்:

"முப்பத்தொரு வருசத்துல என்ன ஒரு நாளு நிக்க வெச்சிருப்பியா? இப்ப தெனிக்கும் நிக்க வெச்சிக்கினு கீற. பரவால்ல. நான் நிக்கிறேன். எனுக்கு வேற உலை இல்ல."

[இந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. உண்மை மாதிரி இருக்கிறது.]

9

எதை வைப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. லாக் புக்கில் இந்தப் பக்கத்தின் கடைசி வரி காலியாக இருக்கிறது. நேரம் என்ற இடத்தில் '2.00' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். ரிமார்க்ஸ் கட்டம் வெறுமையாக இருக்கிறது. நான்கைந்து சொற்கள் தாராளமாக அடங்கும். 'ஹேண்டோவர் கொடுக்கப்பட்டது' என்றும் எழுதலாம். 'ஆள் எழவில்லை' என்றும் எழுதலாம். இவ்வளவு தூரம் கூட வந்தவர் நீங்கள், நீங்களே எழுதுங்கள். எழுதும்போது டாக்டர் சொன்ன கெடுவில் இன்னும் பதினோரு நாள் மீதி இருப்பதையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மணி ஒன்று ஐம்பத்தெட்டு. அடுப்படியில் மிக்ஸி நின்றுவிட்டது. வாக்கர் மேலிருந்த துண்டு என் மடியில் இருக்கிறது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. நான்காய் மடித்திருக்கிறது. கேட் கொண்டி சத்தம் கேட்கிறது.

சத்தியம் செய்தவன் என்பதால் போகிறபோக்கில் ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பச்சை நாற்காலி இருப்பது என் வீட்டில், தினமும் இரண்டு மணிக்குக் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து எதிரே நிற்கிறவன் தானியேல்.